பதினாறு நட்டுகள்

சித்தப்பா வீட்டு மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் நாலு அலாய் சக்கரங்கள் மூன்று வருஷத்துக்கும் மேலாக அடுக்கிக் கிடந்தன. மேலே ஒரு பழைய போர்வை. போர்வைக்கு மேல் சித்தியின் முறம். அவருடைய ஹோண்டா சிட்டியில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

2015 டிசம்பரில் அடையாறு ஜாஃபர்கான்பேட்டைக்குள் புகுந்தபோது அந்த வண்டி கூரை வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால் சீட்டுக்கு அடியிலிருந்து சேறு வழிந்தது. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்தான். ஆகவே கம்பெனிக்காரர்கள் யாரும் வரவில்லை, புதுப்பேட்டைக்காரர்தான் வந்தார். அவர் சொன்ன விலைக்குச் சித்தப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "சக்கரத்த மட்டும் நான் கழட்டிக்கிறேன்." வந்தவர் நாலு பழைய இரும்பு ரிம்மை மாட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார். சக்கரம் எதற்கு என்று சித்தி கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாராம்.

2019இல் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அழைக்கப் போனேன். அழைப்பு என் பெயரில்தான். அப்பாவும் சித்தப்பாவும் பேசி அப்போது எட்டு வருஷம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஊரில் தாத்தா வீடு, அதன் பின்கட்டு, ஒரு கையெழுத்து. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் இருக்கிற கதை. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது சித்தப்பா கேட்டார்.

"அண்ணன் வண்டியத்தான் ஓட்றியா?"

"ஆமா சித்தப்பா. கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கிட்டயே குடுத்துட்டாரு."

"ஸ்விஃப்ட்டுதான? நாலு ஓட்டைதான். இத எடுத்துட்டுப் போ. சும்மா கெடக்குது."

அவர் வேறு எதையோ கொடுக்க நினைத்து இதைக் கொடுக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இலவசமாக நாலு அலாய் கிடைக்கிறது என்றுதான் தோன்றியது. டிக்கியில் இரண்டு, பின் சீட்டில் இரண்டு வைத்துக் கொண்டுவந்தேன்.

*

"நாலு ஓட்டைதான்" என்று சித்தப்பா சொன்னது பொய்யில்லை. அது உண்மையில் நாலில் ஒரு பங்கு என்பதுதான் பிரச்சினை.

ஒரு காரின் சக்கரம் இன்னொரு காரில் சேருமா என்று பார்க்க முதலில் எல்லோரும் கேட்பது பிசிடி. ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம். சிட்டிக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் அது ஒன்றே: நாலு ஸ்டட், 100 மில்லிமீட்டர். பழைய மாருதி 800க்கு 114.3. இந்த வினோதமான எண் வேறொன்றுமில்லை, சரியாக நாலரை அங்குலம். அங்குலத்தில் யோசித்த காலத்தின் அளவு மில்லிமீட்டர் காலத்திலும் உயிரோடிருக்கிறது. ஃபியட் பாலியோவுக்கு 98. இதில் ஓர் ஆபத்து உண்டு. 98க்கும் 100க்கும் இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. பலமாக இறுக்கினால் சக்கரம் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் ஸ்டட்டுகள் உள்ளுக்குள் வளைந்துகொண்டிருக்கும்.

நான் நெட்டில் பார்த்தது இந்த முதல் அளவு வரைதான். பிறகு டயர் கணக்குப் போட்டேன். அதைச் சரியாகவே போட்டேன் என்று இன்றும் பெருமை உண்டு. என் 2012 மாடல் விடிஐயில் இருந்தது 165/80 ஆர்14. டயரின் அகலம் 165, பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 14 அங்குல ரிம்: மொத்த உயரம் ஏறத்தாழ 620. சிட்டியில் இருந்த 175/65 ஆர்15 டயரையே போட்டால் 608 சொச்சம். வண்டி ஐந்தரை மில்லிமீட்டர் இறங்கும், ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது நிஜ வேகம் 98 ஆக இருக்கும். 185/65 ஆர்15 போட்டால் 621.5. கிட்டத்தட்ட பழைய அளவேதான். ஸ்விஃப்ட்டின் உயர்ந்த மாடல்களில் கம்பெனியே போட்டுக் கொடுத்த சைஸும் அதுதான். அந்த வருஷம் ஜனவரியில்தான், தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே கம்பெனி சைஸ் என்றதும் எனக்கு இன்னும் திருப்தி.

பழைய டயர்களை மறுபடி போடுகிற எண்ணமே இல்லை. பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று சொல்வது. அவற்றில் 2211 என்றிருந்தது. 2011ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம். எட்டு வயசான ரப்பர், அதிலும் வெள்ளத்தில் கிடந்தது. ரிம்மில் டயர் உட்காரும் உதட்டில் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி துரு வராது, இந்த வெள்ளைப் பொடிதான் வரும். அதைத் தேய்த்து எடுக்காமல் டியூப்லெஸ் டயர் மாட்டினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்து தேய்த்தேன்.

புது டயர்களை ஒரு டயர் கடையில் வாங்கி அங்கேயே மாட்டச் சொன்னேன். பையன் ஸ்விஃப்ட்டின் பழைய நட்டுகளையே எடுத்து, டர்ர் டர்ர் என்று கன் வைத்து இறுக்கினான். பத்து நிமிஷம். வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. போட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு கும்பிடும் ஒரு கட்டைவிரலும் பதிலாக வந்தன.

அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். "எங்க வாங்கின?"

"செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சுது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் குனிய விடவில்லை.

*

எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடியது. கடையில் பேலன்சிங் சரியில்லை என்று இன்னொரு தடவை செய்து கொடுத்தார்கள். அப்புறமும் ஆடியது. "அலாய்ன்னா கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். புதுச் செருப்பு கடிப்பது மாதிரி நானும் அதைப் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஊருக்குக் கிளம்பினோம். நான், மனைவி, பின் சீட்டில் ஐந்து வயது மகள். மேல்மருவத்தூர் தாண்டியதும் முன்பக்கம் இடதிலிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் குறைந்தது. கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். அச்சரப்பாக்கத்துக்கு அருகே ஒரு டீக்கடையைப் பார்த்து ஓரங்கட்டினேன். இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டேன். ஒரு நட்டு விரலோடு சுழன்று வந்தது. அடுத்ததும்.

நாலில் இரண்டு நட்டுகள் கைவிரலால் கழற்றுகிற நிலையில். மற்ற இரண்டும் ஸ்பேனர் வைத்ததும் அரைச் சுற்றுக்கு மேல் இறுகின. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்களைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகள் கண்ணாடியில் வாயை வைத்து மீன் மாதிரி ஊதிக் காட்டினாள். மனைவி எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தாள், அது நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கதவைத் திறந்து குழந்தையை இறக்கித் தூக்கிக்கொண்டாள்.

டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தேன். அது வண்டியோடு வந்த பழைய இரும்பு ரிம். உயரம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் மாற்ற முடிந்தது. நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அன்றைக்கு உதவியது. மற்ற மூன்று சக்கரங்களையும் ஏறி மிதித்து இறுக்கினேன். அவர்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாற்பதுக்கு மேல் போகாமல், பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சென்னைக்குத் திரும்பினேன்.

*

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தப்பாவின் சக்கரம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கழட்டு" என்றார்.

கழற்றிய சக்கரத்தை மடக்கு நாற்காலிக்கு முன்னால் போட்டு, கண்ணாடியை மாற்றி அணிந்து, நட்டு உட்காரும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினார். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். நீல மை. ஃபிட்டர்கள் இரண்டு உலோகப் பரப்புகள் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று பார்க்கத் தடவுவது. ரிட்டயர் ஆனபோது கொண்டுவந்திருப்பார் போல. ஸ்விஃப்ட் நட்டின் வாயில் மெல்லிசாக மையைத் தடவி, பள்ளத்தில் வைத்து, ஒரு திருப்புத் திருப்பி எடுத்தார்.

"பாரு."

பள்ளத்தில் ஒரு நீல வளையம். நூல் அளவுக்கு மெலிசு.

"இவ்ளோதான் தொடுது. இதுலதான் நீ கொழந்தைய வெச்சிக்கிட்டுப் போயிருக்க."

ஸ்விஃப்ட் நட்டின் வாய் கூம்பு. ஹோண்டா ரிம்மின் பள்ளம் பந்தை அழுத்தி எடுத்தது போன்ற குழி. கூம்பு பந்துக் குழியில் முழுசாக உட்காராது, ஒரு கோட்டில்தான் தொடும். இறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும். ஓட ஓட அந்த மெல்லிய கோட்டில் அலுமினியம் நசுங்கும், அது நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போய்விடும். சக்கரத்தை நட்டு தாங்கிப் பிடிப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நட்டின் வேலை ரிம்மை ஹப்போடு வைத்து அழுத்துவது. அந்த இரண்டு முகங்களுக்கு நடுவிலுள்ள உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. அழுத்தம் போனால் பாரம் முழுக்க ஸ்டட்டின் மேல் பக்கவாட்டில் விழும். டக் டக் என்று கேட்டது அதுதான்.

"அப்ப ஹோண்டா நட்டையே போட்டா?"

"மரை வேற. ஒண்ணு வாங்கி வெச்சிப் பாரு, ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் நிக்கும். நிக்கிறத மீறி கன்னு வெச்சா ஸ்டட்டு காலி. அதான் மரை கழண்ட வேலைம்பாங்க."

ஸ்விஃப்ட் ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை இடைவெளி 1.25. ஹோண்டாவுக்கும் அதே 12, இடைவெளி மட்டும் 1.5. கால் மில்லிமீட்டர் வித்தியாசம். எனக்கு வேண்டியது ஹோண்டாவின் வாயும் மாருதியின் மரையும் கொண்ட நட்டு.

அடுத்து வெர்னியரை எடுத்தார். ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வளையம் 54.1. ரிம்மின் நடு ஓட்டை 56.1. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் காற்று. கம்பெனி ரிம் அந்த வளையத்தில் இறுக்கமாக உட்கார்ந்து தானாகவே மையத்துக்கு வந்துவிடும். என்னுடையது எந்தப் பக்கம் முதலில் நட்டு இறுகியதோ அந்தப் பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. ஸ்டியரிங் ஆடியதற்குக் காரணம் இதுதான், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் தீராது. உள்ளே 54.1, வெளியே 56.1 என்று ஒரு வளையம் வேண்டும். சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்.

கடைசியாக ஆஃப்செட், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ரிம்மின் மேல் மட்டக்கோலை வைத்து அளந்தார். இரண்டு ரிம்முக்கும் சில மில்லிமீட்டர்தான் மாறியது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம், எங்கும் இடிக்கவில்லை. நாலு கேள்வியில் இரண்டுக்குத்தான் பாஸ்.

சோதனை முடிந்து நீலமான விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஒரிஜினல் நட்டு ஒண்ணு வேணும். குழியோட ரேடியஸ் தெரியணும். வாங்கப்போற நட்டு அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

"கேக்கறேன்பா."

"நம்பர் போடு."

போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இல்லை. ஆனாலும் எதிர்முனையில் ஒரு நீண்ட மௌனம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"நாந்தான்" என்றார் அப்பா. அப்புறம், "அந்த வண்டி நட்டு வெச்சிருக்கியா, புதுப்பேட்டக்காரங்கிட்ட குடுத்துட்டியா?"

*

சித்தப்பா மறுநாள் காலையில் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே பதினாறு நட்டுகள், தேங்காய் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்பா "வா" என்றார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பதினாறும் பத்திரமா வெச்சிருக்கான்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா காபி போட உள்ளே போனாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

பிறகு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து நீல மை தடவினார்கள். ஹோண்டா நட்டு பதித்த குழியில் அகலமான நீலப் பட்டை விழுந்தது. இடது முன் சக்கரத்தில் மட்டும் அப்படி விழவில்லை. அங்கே இரண்டு குழிகள் நசுங்கி, பட்டை அங்கங்கே அறுந்து தெரிந்தது.

"வெல்டு வெச்சி லேத்துல புடிச்சிடலாமாண்ணே?"

"இதுல அந்த வெளையாட்டு வேணாம். இது செத்துப்போச்சி."

ஆக மூன்று சக்கரம். அதே டிசைனில் இன்னொன்று தேடி மூன்று பேரும் புதுப்பேட்டைக்குப் போனோம். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தெருவுக்கு ஓர் உறுப்பு: ஒரு கடை முழுக்க கதவுகள், ஒரு கடை முழுக்க ஹெட்லைட்டுகள், இன்ஜின்கள், சீட்டுகள். ரிம் கடைகளில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருப்பார்கள். சித்தப்பா ஒவ்வொரு கடையிலும் சிட்டி ரிம்மைப் பார்க்கிற சாக்கில் வேறெதையோ தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய வண்டியின் கதவு அங்கே எந்த அடுக்கில் இருக்கிறதோ, எந்த ஊரில் எந்த சிட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

ஆறாவது கடையில் பாய் ஒருவர் ரிம்மை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை நிறுத்தி, மெதுவாக உருட்டி, கண்ணை ஒடுக்கி ஓட்டத்தைப் பார்த்தார். பின்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் கீறினார். குழிகளைத் தடவினார்.

"எதுக்குப் போடறீங்க?" என்றார் பாய்.

"ஸ்விஃப்ட்டுக்கு."

"நட்டு?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "அதான் பாய் கேள்வி."

பந்து வாயும் 1.25 மரையும் உள்ள நட்டு புதுப்பேட்டையில் கிடைக்கவில்லை. பாய் சொன்ன அலாய் கடை ஒன்றில் சொல்லிவைத்து, இரண்டு வாரம் கழித்துப் பதினாறும் வந்தன. வளையங்களை, அப்பாவோடு வேலை பார்த்தவரின் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினோம். முதல் செட் கொஞ்சம் லூஸ். அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது செட் கட்டைவிரலால் அழுத்தியதும் "டப்" என்று உட்கார்ந்தது.

மாட்டிய அன்று கன் வைக்க விடவில்லை. நாலு நட்டையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கி, டார்க் ரெஞ்சில் 85 நியூட்டன் மீட்டர் வைத்தார். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஏறக்குறைய எட்டரைக் கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற அழுத்தம். ஏறி மிதிக்க வேண்டிய வேலை இல்லை அது. அச்சரப்பாக்கத்தில் நான் ஏறி மிதித்ததில் எத்தனை ஸ்டட்டுகள் இழுபட்டிருக்குமோ என்று, பதினாறு ஸ்டட்டுகளையும் புதிதாக மாற்றியிருந்தோம். கணக்குப் பார்த்தால், ஸ்விஃப்ட்டுக்கென்றே வந்த அலாய் ஒரு செட் புதுப்பேட்டையில் வாங்கியிருக்கலாம். செலவு கிட்டத்தட்ட சமமாகியிருக்கும், பயம் இல்லாமல் போயிருக்கும். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன்.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ரெஞ்ச் வைக்க வேண்டும் என்றார் அப்பா. அதற்காகவே ஒரு நாள் மூன்று பேரும் செங்கல்பட்டு வரை போனோம். தொண்ணூறில் ஸ்டியரிங் அசையவில்லை. முன் சீட்டில் அப்பா, பின்னால் சித்தப்பா. தாத்தா வீட்டுப் பேச்சு வரவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை. பின்கட்டு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. போகும்போது தார் ரோட்டைப் பற்றியும், திரும்பும்போது டயர் காற்றைப் பற்றியும் பேசினார்கள்.

நசுங்கிய அந்த ஒரு சக்கரம் எங்கள் வாசலிலேயே கிடந்தது. காயலான் கடைக்குப் போடலாம் என்றேன். சித்தப்பா கேட்கவில்லை. காபி குடித்து முடித்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டு, சக்கரத்தைக் காலுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அத வெச்சி என்னடா பண்ணுவ?" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ணே" என்றார் சித்தப்பா.